ரயில் லேஅவுட்டை விற்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை

குரோம்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மொட்டை மாடி அறையில் 10 அடிக்கு 4 அடிப் பலகையில் ஒரு எச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட், ஆறு வருடம் முன்பு ஆரம்பித்தது. இரண்டு சுற்றுப் பாதை, வண்டிகளை நிறுத்த ஒரு யார்டு, பாதியில் நிற்கும் மலைக்குகை. ஒன்றரை வருடமாக சுவிட்ச் போடவே இல்லை. துணி காயப்போட அந்தப் பக்கம் போனால்கூட மனசு கனக்கிறது. வீட்டில் "ஒண்ணு ஓட்டுங்க, இல்லேன்னா எடுத்துடுங்க" என்கிறார்கள். ஆசை தீர்ந்துவிட்டதா, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

நான் இதே நிலையில் நான்கு வருடம் இருந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், ஆசை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தீர்ந்துபோன ஆசை உறுத்தாது. பள்ளிக்கூட நாட்களில் நான் தபால்தலை சேர்த்தேன். அந்த ஆல்பம் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை. அது தீர்ந்த ஆசை. உங்களுக்கோ அந்த அறைக்கதவைத் திறந்தாலே ஒரு கனம் வருகிறது. அப்படியென்றால் விஷயம் இன்னும் முடியவில்லை.

மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்டவாளத்தைப் பற்றிப் பேசிவிடலாம். நான் பார்த்த வரையில் இந்தப் பொழுதுபோக்கில் பாதிப் பேருக்கு உற்சாகம் போவது ஓட்டும்போதுதான். சுவிட்சைப் போடுகிறோம். இன்ஜின் ஒரு அடி போய் விக்குகிறது, நிற்கிறது. விரலால் தள்ளுகிறோம். மறுபடி அரை அடி. லைட் மினுக்கி அணைகிறது. ஆபீஸிலிருந்து களைத்து வந்து, கிடைத்த அரை மணி நேரத்தில் 25 நிமிடம் இப்படியே தள்ளிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் மறுநாள் மேலே போகத் தோன்றும்? "எனக்கு இன்ட்ரஸ்ட் போயிடுச்சு" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் போனது மின்தொடர்பு.

நம் ஊர்க் காற்று அப்படி. உப்பும் ஈரமும் கலந்தது. மாடல் ரயில் தண்டவாளம் பெரும்பாலும் நிக்கல் சில்வர் என்ற உலோகத்தில் செய்யப்படுகிறது. பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த கலவை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ், தாம்பாளம் என்று தருகிறார்களே, ஜெர்மன் சில்வர், அந்தப் பெயருக்கு உரிய உலோகம் இதுதான். ஷோகேஸில் வைத்த ஜெர்மன் சில்வர் தட்டு ஐப்பசி மழை முடிவதற்குள் எப்படி மங்கிப்போகிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தண்டவாளமும் அதே மாதிரிதான் மங்கும். போதாததற்கு சக்கரத்தில் ஒட்டிய தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஓடும்போது தெறிக்கும் சிறு பொறிகளால் வரும் கரி எல்லாம் சேர்ந்து தண்டவாளத்தின் தலையில் ஒரு கறுப்புப் படலமாக உட்கார்ந்துவிடும்.

ரிச்சி தெருவில் மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேளுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பாட்டிலில் கிடைக்கும். பழைய காட்டன் வேட்டியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, விரலில் சுற்றி, நனைத்து, ஒரு தண்டவாளத்தை மட்டும் ஒரு முழ நீளத்துக்குத் துடையுங்கள். பிறகு துணியைப் பாருங்கள். கண்மை இழுத்த மாதிரி நீளமாக ஒரு கோடு இருக்கும். ஒன்றரை வருடமாக உங்களைத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளவென்று ஆகும், ஆனால் கீறல் விழும், அடுத்த அழுக்கு அந்தக் கீறலுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். துடைத்து முடித்ததும் 4பி பென்சிலால் தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் லேசாக ஒரு தடவை இழுத்துவிடுங்கள். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், துடைத்த தண்டவாளம் கொஞ்ச நாள் கூடுதலாகத் தாங்கும். ஏற்றத்தில் மட்டும் இழுக்காதீர்கள், சக்கரம் வழுக்கும்.

சக்கரத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. அதே துணியை நனைத்து தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். இன்ஜினின் முன்முனைச் சக்கரங்கள் துணிமேலும் பின்முனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலும் இருக்கிற மாதிரி வைத்து, கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரண்ட் கொடுங்கள். சக்கரம் துணியிலேயே சுழன்று தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து இன்னொரு முறை.

இன்ஜின் உறுமுகிறது, ஆனால் நகரவில்லை என்றால் கியரில் கிரீஸ் இறுகியிருக்கும். மேல்மூடியைக் கழற்றி, பழைய கிரீஸை ஐபிஏ தொட்ட பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கை அரிக்காத லேசான எண்ணெய் ஒரு சொட்டு, ஊசி முனையில் எடுத்து விடுங்கள். ஒரு சொட்டுதான். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொட வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் கியரிலும் உறையும்.

இதையெல்லாம் 10 அடிக்கும் செய்யாதீர்கள். இது முக்கியம். ஒரு மீட்டர் நேர்ப்பாதை, ஒரு இன்ஜின், ஒரு பெட்டி. அவ்வளவுதான் முதல் நாள். முழு லேஅவுட்டையும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சுத்தம் செய்துவிடலாம் என்று நினைத்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வராது. ஒரு மீட்டர் என்றால் இன்று ராத்திரியே முடியும். அந்த ஒரு மீட்டரில் இன்ஜின் விக்காமல், நடக்கிற வேகத்தில் போய் நின்று திரும்பி வருவதைப் பாருங்கள். எனக்கு நான்கு வருடம் கழித்து அப்படி ஓடியபோது, சூடான மோட்டாரின் அந்த எண்ணெய் வாசனை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, ஓடுகிறது. ஆனால் வெறும் ஓட்டம் மட்டும் உங்களைத் திரும்பக் கூட்டி வராது. என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு நங்கநல்லூர். பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரம். காலேஜுக்கு பார்க் ஸ்டேஷன் வரை மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயினில்தான் போனேன். பீச்–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார வண்டி வந்துவிட்டது. 2004-ல்தான் மீட்டர் கேஜ் வண்டி நின்றது. ஆக, என் இளமை முழுக்க அந்தக் குறுகலான பெட்டிகளில் போனது. வேலைக்குப் போய்க் கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஒரு ஸ்டார்ட்டர் செட். அமெரிக்காவில் இருந்த மாமா கொண்டுவந்தார். (அப்படி வந்த செட் உங்களிடமும் இருந்தால் அடாப்டரின் முதுகைப் படியுங்கள். இன்புட் 100–240 வோல்ட் என்று இருந்தால் நல்லது. 120 மட்டும் என்றால் நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். என் முதல் அடாப்டர் அப்படித்தான் புகைந்தது.) அப்புறம் 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட், அப்புறம் இன்னொரு சுற்று, இன்னும் நாலு இன்ஜின். போன் எடுத்தால் ரயில் சாமான்தான் தேடுவேன். வாங்குகிற அன்று சந்தோஷமாக இருக்கும். பெட்டியைத் திறந்து இரண்டு சுற்று ஓட்டினதும் அது போய்விடும்.

எட்டடிப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தேன். அதுவே பெரிய தப்பு. கை எட்டுவது இரண்டரை அடிதான். பின்மூலையில் வண்டி தடம்புரண்டால் ஒட்டடைக்குச்சியால்தான் எடுக்க வேண்டும். வண்டி அந்த மூலையைத் தாண்டும்வரை எனக்கு மூச்சு சீராக இருக்காது. உங்கள் பலகையும் சுவரோடு ஒட்டியிருந்தால் இன்றைக்கே ஒரு பக்கமாவது இழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று நீளம். நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையில் செய்த நீல நிறப் பெட்டி ஒன்று சுமார் 21.3 மீட்டர். எச்ஓ அளவான 87-ல் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர். 24 பெட்டி வைத்த ஒரு ராத்திரி எக்ஸ்பிரஸை அப்படியே செய்தால் பெட்டிகள் மட்டுமே 19 அடிக்கு மேல் போகும். எட்டடிப் பலகையில் நான் கனவு கண்டது அந்த வண்டியை. ஆறு பெட்டி மாட்டினாலே அதன் தலை வாலைத் துரத்துகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு முறையும் "இது அது இல்லை" என்ற ஏமாற்றம். அடுத்த இன்ஜின் வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். வாங்குவேன். சரியாகாது.

ஒரு சனிக்கிழமை என் பெண், அப்போது ஏழு வயது, ஸ்டூலில் ஏறி நின்று பார்த்தாள். "அப்பா, இது எந்த ஊருக்குப் போற ட்ரெயின்?" என்றாள். "சும்மா சுத்துதும்மா" என்றேன். அவள் இன்னும் இரண்டு சுற்று பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நானும் சுவிட்சை அணைத்தேன். அதற்கப்புறம் மறுபடி போட நான்கு வருடம் ஆயிற்று. பெட்டிகளெல்லாம் லாஃப்டுக்குப் போயின.

அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு நவராத்திரியில் கிடைத்தது. கொலு வைப்பதற்காக லாஃப்டிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கியபோது அம்மா கட்டிவைத்திருந்த துணிமூட்டை ஒன்றும் கூடவே வந்தது. அவிழ்த்தால் என் சின்ன வயதுத் தகர ரயில். சாவி கொடுத்தால் ஓடுகிறது. சைதாப்பேட்டை வீட்டில் கொலுப்படிக்குக் கீழே பூங்கா போடுவோம். ஆற்றுமணல், கண்ணாடித் துண்டு வைத்துக் குளம், மகாளய அமாவாசைக்கு முன்பே மண்ணில் விதைத்து முளைக்கவைத்த கடுகும் கேழ்வரகும் வயல். அதைச் சுற்றி இந்த ரயில். பாதை வெறும் வட்டம், உங்கள் அம்மா வீட்டுத் தாம்பாளம் அளவுகூட இருக்காது. ஆனால் தாத்தா ஒரு தீக்குச்சிப் பெட்டி அட்டையில் "திண்டிவனம்" என்று எழுதிக் குச்சியில் ஒட்டி மணலில் நட்டிருப்பார். சுண்டலுக்கு வருகிற மாமிகள் "எந்த ஊர் வண்டிடா?" என்று கேட்பார்கள். "திண்டிவனம் பாசஞ்சர் மாமி!" என்று கத்துவேன். ஒன்பது நாளும் அந்த வண்டி வட்டமடித்துத் திண்டிவனம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு நாளும் அலுக்கவில்லை.

ஆயிரக்கணக்கில் செலவழித்த எட்டடிப் பலகையில் அந்த அட்டைத் துண்டு இல்லை. என் இன்ஜின்களில் ஒன்று அமெரிக்காவின் சாண்டா ஃபே ரயில் கம்பெனி நிறம், ஒன்று பிரிட்டிஷ் டேங்க் இன்ஜின், இரண்டு ஜெர்மன். பாதை ஆல்ப்ஸ் மலைக்குள் போகிறது. எனக்கு ஆல்ப்ஸ் தெரியாது. எனக்குத் தெரிந்தது அம்மாவின் ஊரான திண்டிவனம், அங்கே மல்லாட்டை மூட்டை ஏற்றும் கூட்ஸ் வண்டி, மூட்டை மேல் படுத்துத் தூங்கும் ஆள். வெளிநாட்டு ரயில் மேல் ஆசை வைப்பது தப்பென்று சொல்லவில்லை. சுவிட்சர்லாந்து ரயிலை நேசித்து, அதன் கால அட்டவணை வரை படித்து, அழகாகச் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த ஊர் மனசில் இருக்கிறது. எனக்கு இல்லை. உங்கள் லேஅவுட் எந்த ஊர்? கேள்வியில் நீங்கள் ஆறு வருடக் கதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஊர்ப் பெயர் ஒன்றுகூட வரவில்லை. அதைப் படித்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே என் யோசனை: பெரிய பலகையை அப்படியே விட்டுவிடுங்கள். 5 அடிக்கு 1 அடி பலகை ஒன்று புதிதாக எடுங்கள். அதற்கு ஒரு ஊர் வையுங்கள். அதில் என்ன செய்வது என்றால், இங்கிலாந்தில் ஏ. ஆர். ரைட் என்ற மாடல்காரர் பிரபலமாக்கிய ஒரு ஷன்டிங் புதிர் (வேகன்களை முன்னும் பின்னும் நகர்த்தி வரிசை மாற்றுவது) இருக்கிறது, இங்கிள்நுக் என்பார்கள். மூன்று சைடிங், அதாவது வண்டி நிறுத்தும் கிளைப்பாதை. ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. மறுமுனையில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டுமே நிற்கக்கூடிய இடம். மொத்தம் எட்டு வேகன், இரண்டு பாயிண்ட் (பாதை பிரியும் இடம்). எட்டிலிருந்து ஐந்து வேகனைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அதே வரிசையில் நீளமான சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் விதி. ஆனால் அந்த மூன்று வேகன் இடம் கழுத்தை நெரிக்கும். ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்த வேண்டும், நகர்த்தியதை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். எனக்குக் கால் மணி நேரம் ஆகும், சில நாள் அரை மணி.

எட்டில் ஐந்தை எத்தனை வரிசையில் எடுக்கலாம்? 8 × 7 × 6 × 5 × 4, அதாவது 6,720. தினம் ஒன்று என்றால் 18 வருடத்துக்கு மேல் வரும். சீட்டுக்குப் பதில் நான் எட்டு புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளை பெயின்ட்டில் 1 முதல் 8 வரை எழுதியது. பித்தளைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி என் பெண்தான் ஐந்தை எடுப்பாள். இப்போது அவள் பிளஸ் டூ. பரீட்சை நாளில்கூட ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து ஐந்து கொட்டையை எடுத்து வைத்துவிட்டுத்தான் படிக்கப் போகிறாள்.

இதில் வண்டி மெதுவாகப் போக வேண்டும், அது மட்டும் கட்டாயம். வேகன் வேகனோடு "டக்" என்று தொட வேண்டும், மோதக் கூடாது. அதனால் எல்லாச் சக்கரத்திலும் கரண்ட் எடுக்கிற இன்ஜினாகப் பாருங்கள். பாயிண்ட் வாங்கும்போது நடுவில், இரண்டு தண்டவாளம் குறுக்கிடும் அந்த முக்கோண மூக்கு, பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருப்பதை வாங்குங்கள். குட்டி இன்ஜின் பிளாஸ்டிக் மூக்கில் ஏறும் கணத்தில் கரண்ட் போய் நின்றுவிடும், மறுபடி விரலால் தள்ள ஆரம்பித்துவிடுவீர்கள். வேகனைக் கழற்ற ஒரு மூங்கில் குச்சி போதும்.

இங்கே இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. எச்ஓ தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் பிராட்கேஜ் 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். அதாவது எச்ஓ பாதையில் நம் பிராட்கேஜ் வண்டி எப்போதும் கொஞ்சம் ஒல்லியான பாதையில்தான் நிற்கும். ஆனால் மீட்டர் கேஜ் என்றால் 1,000 மில்லிமீட்டர். அதை 16.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 60 சொச்சம். உடலையெல்லாம் 60-ல் ஒரு பங்காகச் செய்தால் கையில் இருக்கிற அதே தண்டவாளம் அச்சு அசல் மீட்டர் கேஜ் ஆகிவிடுகிறது! எந்தக் கடையிலும் எதையும் தேடி வாங்க வேண்டியதில்லை. ராத்திரி 11 மணிக்குக் கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஆண்டர்சன் தெருவில் மவுன்ட் போர்டு இரண்டு ஷீட் வாங்கினேன். பழைய நாலு சக்கர வேகன்களின் மேல்பாகத்தைக் கழற்றி, அடிச்சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அட்டையில் மூடு வேகன் செய்தேன். சுவர்களுக்கு இரண்டு அடுக்கு, கதவுக்கு மூன்றாவது அடுக்கு, ஓரப் பட்டைகளுக்கு மெல்லிய விசிட்டிங் கார்டு. ஃபெவிகால் காய்ந்ததும் வார்னிஷ் ஒரு கை. நம் ஈரத்தில் வெறும் அட்டை இரண்டே வாரத்தில் நெளிந்துவிடும். மேலே செங்காவி நிறம். முதல் வேகனுக்கு 11 நாள் ஆனது, கதவுப் பட்டைகள் கோணலாக இருந்தன. எட்டாவது வேகன் மூன்றே நாளில் முடிந்தது. சாண்டா ஃபே இன்ஜினின் மூடியைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்த ஆறு அச்சு அடிச்சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒய்டிஎம்4 உடலைக் கட்டினேன். நம் மீட்டர் கேஜ் டீசலான ஒய்டிஎம்4 ஆல்கோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் வடிவமைப்பு, ஆகவே அடிச்சட்டத்துக்கு அது தூரத்துச் சொந்தம்தான். 60-ல் ஒரு பங்கு ஆள் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் வருவான். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் போடும் சமயத்தில் குனிந்து தேடினால் அந்த உயரத்தில் மண் பொம்மை அகப்படும். மூட்டை தூக்குபவர் ஒருவர், தலையில் கூடை வைத்த அம்மா ஒருவர் எனக்குக் கிடைத்தார்கள்.

எங்கள் தெருவில் ரிட்டயர்டு கூட்ஸ் கார்டு ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் காபி சாப்பிட வந்தவர் பலகைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு வரிசையை முடித்துக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி தம்பி, என் வண்டி எங்கே?" என்றார். எனக்குப் புரியவில்லை. "கார்டு வேன்! பிரேக் வேன் இல்லாம இந்த அஞ்சு வேகனும் எப்படி ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்?" அன்று அவர் சொன்னதைக் கேட்டே பிரேக் வேன் செய்தேன்: பின்புறத் திண்ணை, கைபிரேக் சக்கரம், ராத்திரி எரியும் பக்க விளக்கு, உட்காரும் பலகை எவ்வளவு அகலம் என்பது வரை. செய்து முடித்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது வியாழக்கிழமை சாயங்காலங்களில் வந்துவிடுவார். பக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் அதன் பலம் தனி. தனியாக ஓட்டினால் அலுப்பு சீக்கிரம் வரும். உங்கள் பக்கம் பல்லாவரம், தாம்பரம் எல்லாம் ரயில்வே குடும்பங்கள் நிறைய. கேட்டுப் பாருங்கள்.

மாடி அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் காங்கிரீட் கூரைக்குக் கீழே ஏப்ரல் முதல் ஜூன் வரை மனிதன் உட்கார முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரத்தில் ப்ளைவுட் உப்பும், பாதையின் இணைப்புகள் விலகும். ஆக, வருடத்தில் பாதி நாள் அந்த அறை உங்களை வெளியே தள்ளுகிறது. அதை உங்கள் சோம்பல் என்று கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஐந்தடிப் பலகையை ஒற்றை ஆள் தூக்கிவிடலாம். ஹாலில் டிவிக்குக் கீழே வைக்கலாம், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஓட்டலாம். வீட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள். "எடுத்துடுங்க" என்ற பேச்சு எங்கள் வீட்டில் பலகை கீழே வந்த பிறகு நின்றது.

ஊர் தோன்றவில்லை என்றால் பலகையை விட்டுவிட்டு ஒரு வாரம் நிஜ ரயிலைப் பாருங்கள். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது, அதன் தூண்களைப் போய்ப் பாருங்கள். வில்லிவாக்கம் பக்கம் ஐசிஎஃப் ரயில் அருங்காட்சியகத்தில் பழைய நீராவி இன்ஜின்களைக் கிட்டே நின்று பார்க்கலாம். குழந்தைகள் இருந்தால் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் குரோம்பேட்டை பிளாட்பாரத்திலேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். கையில் நோட்டு வேண்டும், கேமரா வேண்டாம். எது உங்கள் கண்ணை இழுக்கிறது என்று எழுதுங்கள்: சிமென்ட் பெஞ்சா, கொன்றை மரமா, கேட் மூடும்போது நிற்கிற கூட்டமா. அதுதான் முதலில் செய்ய வேண்டியது.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். கொஞ்சம் விற்கலாம், நல்லதும்கூட. எந்த ஊரும் மனசில் வராத இன்ஜின்களை விற்றுவிடுங்கள். நான் ஜெர்மன் இன்ஜின் இரண்டையும் கொடுத்துவிட்டேன், ஒரு நாளும் வருத்தமில்லை. கன்ட்ரோலர், நேர்ப்பாதைகள், பாயிண்ட்கள், நன்றாக ஓடும் ஒரு இன்ஜின், இவற்றை மட்டும் விற்காதீர்கள். முதன்முதலில் வாங்கியதையும் விற்க வேண்டாம். எடுத்து வைக்கிற சாமான்களைப் பஞ்சு ஸ்பாஞ்சில் சுற்றாதீர்கள். நம் ஈரத்தில் அது சில வருடங்களில் பிசுபிசுத்து பெயின்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். பட்டர் பேப்பரில் சுற்றி, சிலிகா ஜெல் பை ஒன்று போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ரப்பர் பேண்ட் போட வேண்டாம்.

இந்த ஒரு மீட்டர், ஒரு ஊர், ஒரு சின்னப் பலகை மூன்றையும் செய்து பார்த்த பிறகும் மனசு அசையவில்லை என்றால், அப்போது எல்லாவற்றையும் விற்பதில் ஒரு தப்பும் இல்லை. அதையும் தலை நிமிர்ந்தே செய்யலாம். ஆனால் வரிசை அப்படி இருக்கட்டும். துடைக்காத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டாம்.

உங்களிடம் இருக்கும் கன்ட்ரோலர் எது, இன்ஜின்களில் எது மெதுவாக ஓடும், நாலு சக்கர வேகன் எத்தனை என்று எழுதுங்கள். கூடவே அந்த ஊர்ப் பெயரையும். எட்டு வேகனுக்கும் அட்டை வெட்டும் அளவுகளை நான் ஒரு தாளில் போட்டு வைத்திருக்கிறேன், படம் எடுத்துத் தருகிறேன்.